அமாவாசைப் பதினாலு

இன்று காலை விழுப்புரத்தில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். நாற்காலியில் மல்லாக்கப் படுக்கவைத்து வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்த அந்தப் பெண் டாக்டர், "என்னங்கம்மா, கடவாய்ப்பல்லு இப்படித் தேஞ்சு கெடக்குது? கல்லு கில்லு கடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. மூக்கு நிறையக் கிராம்புத் தைல வாசனை. "நெல்லுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சோடு சிரித்ததில் புரையேறி, டாக்டர் பதறிப்போய் என்னை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"பயமா இருக்குதாம்மா?"

"இல்லீங்க. எனக்கு ஒரு கூட்டாளி இருந்தா. இந்தப் பல்லைப் பாத்திருந்தா மாலை போட்டுக் கும்பிட்டிருப்பா."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்குத்தான் விளங்கும். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். எட்டாவதோடு நின்றுபோன எழுத்து. ஒற்று விட்டுப்போயிருக்கும், பொறுத்துக்கொள்.

நீ முதல்முதலாக எங்கள் ரைஸ் மில்லுக்குள் வந்த நாளை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பைபாஸ் ஓரத்து மில். அங்கே எனக்குப் பதம் பார்க்கிற வேலை. ஊறவைத்து ஆவி காட்டிய நெல், பனைமர உயரத்து டிரையருக்குள் மேலிருந்து கீழே இறங்கி வரும். சூட்டுக்காற்று உள்ளே புகுந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். அரைமணிக்கு ஒருதரம் நான் ஒரு பிடி அள்ளி, ஊதி ஆற்றி, உமி நீக்கி, ஒரு மணியைக் கடவாயில் வைத்துக் கடிப்பேன். டக்கென்று உடைந்தால் பதிமூன்று. கொஞ்சம் யோசித்து உடைந்தால் பதினாலு. பல்லில் அப்பினால் பதினைந்துக்கு மேல். நூறு பங்கில் எத்தனை பங்கு ஈரம் என்கிற கணக்கு அது. அதை நோட்டில் எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் நெருப்பைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் அரவையில் அரிசி உடைந்து நொய்யாகிவிடும். ஆபீசில் ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று இருந்தது. ஆறின நெல்லுக்குத்தான் அது சரியாகச் சொல்லும். அது ஆறுவதற்குள் டிரையரில் இருக்கிற நெல் வேறு பதத்துக்குப் போய்விடும். அதனால் என் பல்.

கழுத்தில் கம்ப்யூட்டர் பையை மாட்டிக்கொண்டு மேனேஜரோடு நீ வந்தாய். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பரெல்லாம் எந்த மீட்டர்ல எடுத்ததுங்க?" என்று கேட்டாய்.

மேனேஜர் என்னைக் காட்டினார். "இதோ நிக்குது பாருங்க மேடம். இதான் மீட்டரு."

தலையில் துண்டு, முகமெல்லாம் உமித் தூசி. ஏற இறங்கப் பார்த்தாய். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏய்! நீ ஏழாங்கிளாஸ் செல்வி இல்ல?"

"ஆமாங்க மேடம்."

"மேடமா? மூஞ்சிலயே குத்துவேன். என் கணக்கு நோட்டை வாங்கிக் காப்பியடிச்சவதானடி நீ?"

மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். உன் சட்டையெல்லாம் உமி. விழுப்புரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உங்கள் அப்பாவுக்கு வேலை மாற்றலாகித் திண்டிவனம் போனீர்கள். நான் எட்டாவது முடித்துக் களை எடுக்கப் போனேன். அதற்கப்புறம் அன்றைக்குத்தான் பார்க்கிறோம்.

மெட்ராஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திண்டிவனத்து வீட்டில் ஒரு அறையில் நீயே தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாய். எங்கள் மில்தான் உனக்கு முதல் வேலை. நெல்லைத் தொடாமலே டிரையருக்குள் ஈரம் எவ்வளவு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் திரையில் காட்ட வேண்டும். முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தை மாசம் புது நெல்லு வர்றதுக்குள்ள உங்க டிவி சொல்ற நம்பரும் இந்தம்மா பல்லு சொல்ற நம்பரும் ஒத்துப் போவணும். இல்லன்னா ஒயரைச் சுருட்டிக்கினு போய்க்கினே இருங்க."

அன்று சாயங்காலமே கேட்டேன். "டீ, உன் டிவி வந்தா என் வேலை போயிடுமா?"

"லூசு! உன் நோட்டு இல்லன்னா அதுக்கு அ, ஆவே தெரியாது. அரைமணிக்கு ஒரு தரம்தான் உன் பல்லு பேசுது. நடுவுல இருக்கிற இருபத்தொம்பது நிமிஷம் யாரு பேசறது? அதுக்குத்தான் இது. அப்ப என்னைப் பாத்து நீ காப்பியடிச்ச. இப்ப உன்னைப் பாத்து என் மெஷின் காப்பியடிக்குது. சரியாப் போச்சா?"

திரையில் ஈரத்தைச் சொல்கிற அந்தக் கணக்கை நீதான் போட்டாய் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நான் எங்கடி போட்டேன்? ஒண்ணும் தெரியாத ஐந்நூறு கணக்கைக் கம்ப்யூட்டருக்குள்ள எறிஞ்சேன். அதுங்களா ஒண்ணோட ஒண்ணு சேந்து புள்ள பெத்துக்கினு இருக்குதுங்க."

"சீ! வாயைப் பாரு."

"சீ என்ன சீ? ஒவ்வொரு கணக்குகிட்டயும் எல்லாத்தையும் குடுத்துடறேன். உள்ள போற காத்து எவ்ளோ சூடு, வெளிய வர்ற காத்து எவ்ளோ சூடு, விசிறி எவ்ளோ கரண்டு இழுக்குது, இன்னைக்குத் தேதி இன்னா, மணி இன்னா. ஈரம் எவ்ளோன்னு அது சொல்லணும். உன் நோட்டோட ஒத்துப் பாப்பேன். ரொம்பத் தப்பாச் சொல்றது வெளிய. கிட்டக்கச் சொல்றதுங்களை ஜோடி சேத்து, இதுல பாதி அதுல பாதி ஒட்டினா ஒரு குட்டிக் கணக்கு பொறக்கும். எப்பவாச்சும் ஒரு குட்டியோட காதையோ மூக்கையோ சும்மா மாத்தி வுடுவேன். மறுபடி பரீட்சை. மறுபடி வெரட்டல்."

"மல்லாட்டையில நல்ல கடலையா வெதைக்குப் பொறுக்கற மாதிரியா?"

"அதேதான்டி! ஆனா பொறுக்கறது நானில்ல. உன் நோட்டு. எல்லா மருமவளுக்கும் மாமியாரு நீதான்."

அப்புறம் தினம் காலையில் வந்ததும், "என்ன மாமியாரே, இன்னைக்கு எத்தினி பேரை வெரட்டறதா உத்தேசம்?" என்றுதான் கேட்பாய். முதல் தலைமுறையில் ஒரு கணக்கு, நெல்லில் மைனஸ் நாற்பது ஈரம் என்று சொன்னதாம். "நெல்லு நமக்கே தண்ணி தரவேண்டிய பாக்கி இருக்குதாம்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நூறாம் தலைமுறை, இருநூறாம் தலைமுறை என்று திரையில் ஓடும். எனக்கு எங்கள் தாத்தாவுக்கு அப்பன் பேர் தெரியாது. உன் கணக்குகளுக்கு இருநூறு தலைமுறைக்கும் பேர் இருந்தது.

கார்த்திகைக்குள் கிட்டத்தட்ட ஒத்துவந்துவிட்டது. நான் பதிமூன்று எழுதினால் திரையில் பதிமூன்றும் கொஞ்சமும். முதலாளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று போனார். அப்போதுதான் அந்த வால் முளைத்தது.

ஒருநாள் நீ நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "பேஜாராக் கீதுடி செல்வி. ஜெயிச்சு வர்ற ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வால் இருக்குது. அந்த வால் சூட்டைப் பாக்கல, காத்தைப் பாக்கல. தேதியை மட்டும் பாக்குது. இருபத்தொம்பது, முப்பது நாளைக்கு ஒருதரம் ஆடுது. அன்னைக்கு மழையா இருந்தா இன்னா, வெயிலா இருந்தா இன்னா, பதினாலு. காலையில பதினாலு, சாயந்திரம் பதினாலு. வாலை வெட்டி வுட்டா அடுத்த தலைமுறையில மறுபடி மொளைக்குது. மாசம் ஒருதரம் இந்த மில்லுல இன்னாதான் நடக்குது?"

பாய்லர் ஆறுமுகம் அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். காலண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், அம்புட்டும் அமாவாசை!" என்றார். "அமாவாசையில கடலே பொங்குது. நெல்லு ஈரம் பிடிச்சு வெச்சுக்காதா? எங்கப்பா காலத்துலயே சொல்லுவாங்க."

நீ முதலில் சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேதிகளைச் சரிபார்த்தாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. உன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்த இடத்தைப் பெருக்குவது என் வேலையே இல்லை.

அப்போது உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று எனக்குத் தெரியும்.

என் மகனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. நின்றால் அமாவாசை தவறாமல் வருகிறேன் என்று மேல்மலையனூர் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டேன். நின்றது. அப்புறம் போகாமல் இருக்க முடியுமா? ஆனால் பதம் பார்க்கிறவளுக்கு லீவு கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவள் லீவு கேட்டுத்தான் வேலையை இழந்தாள். அதனால் மாசாமாசம் அமாவாசை அன்று பின்கேட் வழியாக நழுவி, செஞ்சி பஸ் ஏறிவிடுவேன். எனக்குப் பதிலாகக் களம் பெருக்குகிற பச்சையம்மாக்கா நோட்டில் எந்நேரமும் பதினாலு என்று எழுதும். அதற்குப் பதினாலு என்று மட்டும்தான் எழுதத் தெரியும் என்பது இல்லை. அதற்கு வாயில் ஒரு பல்லுகூடக் கிடையாது.

நீ முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாய். அவர் மார்பு ரெண்டு சாண் விரிந்ததாம். "நம்ம முன்னோர் சொன்னதை இப்ப கம்ப்யூட்டர் சொல்லுது பாத்தியா!" என்று வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் சொன்னார். தை நெல்லுக்கு இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை பத்திரம். பச்சையம்மாக்கா வேலையும் பத்திரம். பழி முழுக்க நிலாவின் தலையில். ஆனால் ஏதோ ஒரு அமாவாசை அன்று நெல் பதினாறில் இருக்கும், உன் திரை பதினாலு என்று சொல்லும், மில் முழுக்க நொய்யாகும். அன்றைக்கு ஒயரைச் சுருட்டப்போவது நீ. உன் முதல் வேலையை என் திருட்டு லீவு தின்றுவிடும்.

மூன்றாம் நாள் மத்தியானம் எடைமேடைக்குப் பின்னால் நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன கேப்பைக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் நீ பிடுங்கிக்கொண்டு, உன் எலுமிச்சைச் சாதத்தை என் பக்கம் தள்ளியிருந்தாய்.

"அது நெலா இல்லடி" என்றேன்.

"எது?"

"வால்."

சொல்லிவிட்டேன். மேல்மலையனூர், செஞ்சி பஸ், பின்கேட், பச்சையம்மாக்கா, எல்லாம். தலை நிமிராமல் சொன்னேன். திட்டப்போகிறாய் என்று நிமிர்ந்து பார்த்தால், களி உன் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் கொட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

"ஐயோ... இருநூறு தலைமுறை... அடிச்சுப் புடிச்சு... பொழைச்சு வந்து... கடைசியில அதுங்க கண்டுபிடிச்சது பச்சையம்மாக்காவை!"

நானும் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

அப்புறம் நீ வாயைத் துடைத்துக்கொண்டாய். "தப்பு எம்மேலதான். நான் எடுத்துக்கின ஆறு மாச நோட்டுல இருக்கிற அமாவாசையை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஓட்டறேன். நெலான்னு ஒளறினது நானு. மொதலாளிகிட்ட எம்பேர்லயே சொல்லிக்கறேன். உம்பேரு வராது."

"அப்ப மறுபடியும் ஒரு பொய்யை எழுதப் போறியா?" என்று கேட்டேன். என் வாயில் அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நீ என்னையே பார்த்தாய். "பல்லு மட்டுமில்லடி, நாக்கும் கூர்மைதான் உனக்கு" என்றாய். இரண்டு பேருமாக எழுந்து போனோம்.

முதலாளி கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். நீ தொடங்குமுன் நான் சொன்னேன். "மொதலாளி, அமாவாசை அன்னைக்கு நான் நெல்லு கடிக்கலீங்க. கோயிலுக்குப் போய்ட்டேங்க."

"எத்தினி மாசமா?"

"ரெண்டு வருசமாங்க."

"அப்ப நோட்டுல எழுதனது யாரு?"

பச்சையம்மாக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து, "வாயைத் தொற" என்றார். திறந்தது. வெறும் ஈறு. முதலாளி கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை வெச்சும்மா கடிச்ச?"

"நான் எங்கங்க கடிச்சேன்? பதிமூணுன்னு போட்டா ஓவரா காஞ்சிடுச்சுன்னு கத்துவீங்க. பதினஞ்சுன்னு போட்டா ஈரம்னு கத்துவீங்க. பதினாலுன்னு போட்டா ஒரு நாளாச்சும் வாயைத் தொறந்தீங்களா மொதலாளி?"

கணக்குப்பிள்ளைதான் முதலில் வெடித்தார். முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் கடுகடுவென்றிருந்தாலும் கண் காட்டிக்கொடுத்துவிட்டது. "வர்ற அமாவாசைக்கு நீ முன்கேட்டு வழியாவே போ. அன்னைக்கு இவங்க டிவியை வெச்சே டிரையர் ஓடட்டும். நொய்யி வுழுந்துச்சுன்னு வெய்யி, மூணு பேருக்கும் சேத்துக் கேட்டைச் சாத்திடுவேன்."

நீ அந்த நாட்களை எல்லாம் எடுத்தெறிந்துவிட்டு முதல் தலைமுறையிலிருந்து ஓட்டினாய். வால் முளைக்கவே இல்லை.

அந்த அமாவாசைக்கு முன்கேட் வழியாக நடந்து போனேன். மேல்மலையனூரில் அவ்வளவு கூட்டத்தில் அம்மனிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. "என் கூட்டாளி திரை சரியாச் சொல்லணும் தாயே. அவ உன் கோயிலுக்கு வர்றவ இல்ல, சர்ச்சுக்குப் போறவ. அதைப் பெருசா எடுத்துக்காதே" என்றுதான் கேட்டேன். மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நீ மில் வாசலிலேயே நிற்கிறாய். உள்ளங்கை நிறைய அரிசி. முழுசு முழுசாக.

"பாருடி! பாரு! ஒரு நொய்யி காட்டு பாக்கலாம்!"

லாரிகள் ஹாரன் அடிக்க, நீ ரோட்டோரத்தில் குதித்தாய். என் கையைப் பிடித்து என்னையும் குதிக்கவைத்தாய். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் குதித்தேன்.

அதற்கப்புறம்தான் என் நோட்டில் அந்த வழக்கம் வந்தது. நான் இல்லாத நேரத்துக்கு நேராக நீயே பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டினாய். "கடிக்கலன்னா கோடு போடு. தெரியாததை என் மெஷின் தாங்கும்டி. தெரிஞ்ச மாதிரி எழுதினா தாங்காது." பச்சையம்மாக்காவுக்குக்கூடக் கோடு போடப் பிடித்துவிட்டது. "இது எனக்கு ஒழுங்கா வருதுடி" என்றது.

தை நெல் வந்தது. உன் திரை நிலைத்தது. என் வேலையும் நிலைத்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இன்னொரு மில்லிலும் உன்னைக் கூப்பிட்டார்கள். அங்கே பதம் பார்க்கிறவர் ஒரு பெரியவர், உன்னை நம்பவில்லை என்று சொல்லி என்னை பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாய். "இவதான் என் மெஷினோட மாமியாரு" என்று அறிமுகம் செய்தாய். நானும் அவரும் ஒரே நெல்லைக் கடித்து ஒரே எண்ணைச் சொன்னோம். நீ கைதட்டினாய்.

நீ நோயில் படுத்தது மூன்றே மாசம். திண்டிவனம் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தேன். முந்தானையில் ஒரு பிடி நெல் முடிந்துகொண்டு வருவேன். கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு மணியைக் கடித்துவிட்டு, "பதிமூணு" என்பாய். அது பதினாலாக இருக்கும். அடுத்த வாரம் "பதினஞ்சு" என்பாய். அதுவும் பதினாலாக இருக்கும். "நீயெல்லாம் மொதத் தலைமுறையிலயே வெளிய போயிருப்ப" என்று சொன்னேன். சிரித்தாய். சிரிக்க மூச்சு போதாமல் போன அன்றும் கண்ணால் சிரித்தாய்.

நீ போன அன்று என் நோட்டில் நாள் முழுக்கக் கோடு. மறுநாளும் கோடு.

வீட்டில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கர்த்தர் மடியில் இருக்கிறாள் என்றார் உங்கள் அம்மா. எங்காவது மறுபடி பிறந்திருப்பாள் என்றது பச்சையம்மாக்கா. விதி என்றார் மேனேஜர். எல்லாருக்கும் தலையாட்டினேன். என்னிடம் கேட்டால் நான் எதுவும் சொல்வதில்லை. நான் பார்க்கவில்லை. நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்பதற்கு நேராக ஒரு கோடுதான் போட்டுவைத்திருக்கிறேன். எத்தனை ஆறுதலாக இருந்தாலும் அங்கே பதினாலு என்று எழுதமாட்டேன். நீ சிரித்தாய் என்பது மட்டும்தான், டீ, நானே கடித்துப் பார்த்து எழுதினது.